ஸ்டெல்லா பிரித்துச் சொன்ன வார்த்தை

நவம்பர் 7, 2009. சனி

விடியலிலிருந்து மழை. கடலூர் ஓல்டு டவுன் தெருவெல்லாம் தண்ணீர். சிதம்பரம் பஸ்ஸில் ஸ்டெல்லா ஜன்னலோரம், நான் பக்கத்தில், மடியில் இத்தாலியப் பாடம். அவளுக்கு இன்னும் அசை பிரிக்க வரவில்லை. 'நொத்தே' என்றால் இரவு. இரட்டை மெய்யை நடுவில் வெட்டணும்: நொத்-தே. அம்-மா மாதிரி. அது சரி. 'ஃபெஸ்தா', திருவிழா. அதில்தான் இடறுகிறாள்.

"ஃபெஸ்-தா இல்லடி. அவுங்க 'ஸ்'ஸ அடுத்ததோட சேத்துடுவாங்க. ஃபெ-ஸ்தா."

"நம்ம வாய்ல நொழயாதுடி."

சிரித்தோம். பிறகு பள்ளியில் படித்த பகுதி, விகுதியை வைத்துச் சொன்னேன். 'லாவோர்' பகுதி, வேலை. 'லாவோராரே', வேலை செய்ய. 'லாவோராதோரே', வேலை செய்பவன். 'லாவோராத்ரீசே', செய்பவள். "நட, நடக்க, நடப்பவள் மாதிரி. பகுதியப் புடிச்சிக்கோ, வால் தானா வரும்." இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

சிதம்பரத்தில் எங்களுக்குச் சொல்லித்தரும் சிஸ்டர் அக்னஸ் பல வருடம் இத்தாலியில் இருந்தவர். அங்கே அவர்கள் மடத்து முதியோர் இல்லத்துக்கு இங்கிருந்து ஒரு பெண் வேண்டும். நாங்கள் இருவர், இடம் ஒன்று.

வாங்க: கொசுவத்தி, அம்மாவுக்கு மாத்திரை.

9, திங்கள்

வெயில். துணி காய்ந்தது. சிஸ்டர் போன்.

"சகாயம், கல்யாணத்துக்கு என்னக் கூப்புடவே மாட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டெல்லா சொன்னாளாம். மங்கலம்பேட்டை மாமா பையனோடு தை மாதம் எனக்குக் கல்யாணமாம். அதனால் அவள் பெயரை இத்தாலிக்கு அனுப்பியாயிற்றாம்.

மாமா வீட்டில் பெண் கேட்டது நிஜம். நான் மாட்டேன் என்றதும் நிஜம். இரண்டும் வெளியில் ஸ்டெல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். கோயில் படியில் அவள் தோளில் சாய்ந்து அழுது சொன்னது.

சனிக்கிழமை நேரில் வந்து பேசுகிறேன் என்று போனை வைத்தேன்.

10, செவ்வாய்

குழாயடியில் ஸ்டெல்லா. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். முகம்கூட மாறவில்லை.

"உனக்கு டிகிரி இருக்கு, மாமா பையன் இருக்கான். எனக்கு இன்னாடி இருக்கு? அண்ணி பேச்சக் கேட்டுக்கினே சாவணுமா?"

"அதுக்குப் பொய் சொல்லுவியா?"

"நாளைக்கு நடக்கப் போறதுதான?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

14, சனி

சிதம்பரம், வேறு வேறு பஸ்ஸில். நான் முந்திப் போய் சிஸ்டரிடம் நேராகவே சொன்னேன். கல்யாணம் இல்லை, அவள் சொன்னது பொய். சிஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. பின்னாலேயே ஸ்டெல்லா. "அவுங்க அம்மாதான் சொன்னாங்க சிஸ்டர்." கண் இமைக்கவில்லை.

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பாடத்தச் சொல்லுங்க. கேட்டுட்டு முடிவு பண்றேன்."

ஸ்டெல்லா முதலில். "லா-வோ-ரா-த்ரீ-சே. லாவோர் பகுதி சிஸ்டர். நட, நடப்பவள் மாதிரி. பகுதியப் புடிச்சிக்கிட்டா வால் தானா வரும்." என் வார்த்தை. விரலை ஆட்டியதுகூட நான் ஆட்டுவது போல.

சிஸ்டருக்கு ஆச்சரியம். "அருமையா இருக்கே, யாரு சொல்லிக் குடுத்தா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நானே யோசிச்சேன் சிஸ்டர்."

கல்யாணப் பொய்யைக்கூடத் தாங்கியிருப்பேன்.

என் முறை. அதையே நான் சொன்னால் அவளிடம் திருடியது போல இருக்கும். அசையை மட்டும் பிரித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கடைசியில் சிஸ்டர், "பேரு போயிடுச்சும்மா. இனிமே மாத்துனா ரெண்டு பேருமே வேணாம்னுடுவாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

ஜனவரி 31, 2010. ஞாயிறு

பனி. இருமல். பூசை முடிந்ததும் ஸ்டெல்லா கோயில் வாசலில். புதுச் செருப்பு. நாளை சென்னை, அங்கிருந்து பிளேன். எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தாள்.

"போனதும் உன்னக் கூப்டுக்கறேன்டி."

கையை விலக்கினேன். "சிஸ்டர் கேட்டப்ப ஏன்டி என் பேரச் சொல்லல?"

குரலை இறக்கிச் சொன்னாள். "சொல்லியிருந்தா உன்னத்தான அனுப்பியிருப்பாங்க?"

இத்தனை நாளில் அவள் சொன்ன ஒரே உண்மை. வீட்டுக்கு வந்தேன். அம்மா சங்கரா மீன் வாங்கி வைத்திருந்தாள். செதில் எடுத்தேன்.