கழுத்து அறுவைக்குப் பின் அம்மாவின் வலக்கைக்குத் தோள் பயிற்சி கேட்டு

அனுப்புநர்:
பெ. பவ்யா, பி.ஏ.,
த/பெ. பெரியமுத்து,
மூன்றாம் லயம், ஆனைச்சரிவு ஏலத்தோட்டம்,
குமுளி வழி, இடுக்கி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்கள்,
இடுக்கி.

பொருள்: புற்றுநோய் அறுவைக்குப் பின் உயர்த்த முடியாமல் போன கைக்குப் பிசியோதெரபி கிடைக்கச் செய்வது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

தமிழிலும் மனு தரலாம் என்று பஞ்சாயத்தில் சொன்னதால் தமிழில் எழுதுகிறேன்.

1. என் தாயார் பூமாரி (வயது 49) ஏலக்காய் பறிக்கும் தொழிலாளி. சென்ற ஆகஸ்டில் அவர் கழுத்தின் வலப்பக்கத்திலிருந்து புற்றுக் கட்டிகளை அகற்றினார்கள். நோய் போய்விட்டது என்றார் டாக்டர். அதற்கு நன்றியுடையோம். ஆனால் கழுத்து வழியே தோளுக்குப் போகும் நரம்பு நலிந்ததால் வலத்தோள் இறங்கி நிற்கிறது. கை மார்புக்கு மேல் எழுவதில்லை. தலைமுடியை நான்தான் கட்டிவிடுகிறேன்.

2. இதில் என் தவறும் உண்டு. டிஸ்சார்ஜ் நாளில் நர்ஸ் ஒரு தாளைத் தந்து மலையாளத்தில் வேகமாக விளக்கினார். "மனசிலாயோ மோளே?" என்று, புரிந்ததா எனக் கேட்டார். தலையாட்டினேன். நான் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியும் கம்பம் பக்கம். மலையாளம் காதில் பாதி புரியும், வாசிக்கத் தெரியாது. எங்கள் லயத்துத் தொழிலாளர் வீடுகளில் முதல் பட்டதாரி நான். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. தெரியாது என்று சொல்லக் கூசினேன்.

3. வீட்டில் அத்தை, "கைய ஆட்டுனா தையல் விட்டுரும் தாயி" என்று அம்மாவின் கையைத் துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டினார். எலும்பு முறிந்தவர்களுக்கு இங்கே அப்படித்தான் செய்வது. அன்பாகத்தான் செய்தார். பதினொரு வாரம் அந்தக் கட்டு இருந்தது. பிறகு பக்கத்து லயத்து சிஞ்சு அந்தத் தாளை வாசித்துச் சொன்னாள்: தினமும் மூன்று வேளை தோளை அசைக்க வேண்டுமாம். அம்மா துண்டை அவிழ்த்து மடித்து வைத்தார்.

4. அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு ஐந்து முறை போனோம். பிசியோதெரபி செய்பவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த அறை பூட்டியிருக்கிறது. "ஆளு வந்தா விளிக்காம்" என்று போன் எண் வாங்கிக்கொண்டார்கள். அழைப்பு வரவில்லை. மலைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியிலோ, அறுவை செய்த இடத்துக்கே போகச் சொன்னார்கள். அது பஸ்ஸில் ஆறு மணி நேரம். வாரம் இருமுறை போக வேண்டும்.

5. ஏலச்செடியின் தட்டைகளை ஒரு கையால் விலக்கி, மறுகையால் காய் பறிக்க வேண்டும். அம்மாவால் அது முடியவில்லை. ஜூன் 30-க்குள் உடற்தகுதிச் சான்று தராவிட்டால் வேலை இல்லை என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். "ரெண்டு கை உள்ளவளே திணறுதா, நீ எதுக்குக்கா வந்து நிக்க?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

6. இவ்வளவு தாமதித்த பிறகு கை முழுதாகத் திரும்புவது கடினம், பயிற்சி செய்தால் வலியாவது குறையலாம் என்று சென்ற மாதம் பார்த்த டாக்டர் கூறினார். முப்பதாம் தேதிக்குள் கை உயராது என்பது எனக்கும் தெரியும்.

ஆகவே, பூட்டிய அறைக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஒருவரை அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இயலாது என்றால் அதையும் எழுதி அறிவிக்கவும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அம்மா விடியுமுன் குளித்து, நல்ல சேலையைச் சுற்றிவிடச் சொல்லி, "இந்த வாரமாவது அந்த ரூமுக்கு ஆளு வருவாகளா?" என்று கேட்கிறார். தங்கள் பதில் எதுவானாலும் அதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

இடம்: குமுளி
நாள்: 11.06.2025

இப்படிக்கு,
பெ. பவ்யா