வாடகை இல்லாத வீட்டின் மாதச் செலவு

ஈஜிபுரா, பெங்களூரு
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சிந்து,

சித்தி எழுதுகிறேன். அந்த வெளிநாட்டு மழையில் நனையாமல், ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்ததும் எதையாவது சூடாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே அஷ்வத் நலம், நான் நலம், அப்பாவும் நலம்தான், ஆனால் ஒன்பது நாளாக என்னோடு பேசாத நலம். பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதே அஷ்வத்தைக் கூப்பிட்டு, "உங்கம்மாகிட்ட சொல்லு, ரசத்துல உப்பு கம்மி" என்கிறார். அவனும் எட்டு வயதுக்குரிய பொறுப்போடு இரண்டடி நடந்து வந்து சொல்கிறான். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். அப்பா உன்னோடு பேசுவது எப்போதும் ஸ்பீக்கரில், என் போனுக்கு வருகிற செய்தியை அஷ்வத் வாய்விட்டுப் படித்துப் பழகுகிறான், அவனுடைய தமிழ் டீச்சர் அப்படிச் சொல்லியிருக்கிறாராம். இந்த வீட்டில் யாரும் திறந்து பார்க்காத ஒரே இடம் தபால் உறைதான். அதனால் பள்ளிக்கூடத்தில் கிடைக்கிற ஓய்வு வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் வீட்டைப் பற்றியது. மூன்று வருஷத்துக்கு முன் இந்த வீட்டை லீஸுக்கு எடுத்தபோது நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய், உனக்கு முழுதாகத் தெரியாது. இந்த ஊர் வழக்கம் இது: வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகை கிடையாது, முடிந்ததும் அந்தத் தொகை அப்படியே திரும்பி வந்துவிடும். கையில் சும்மா கிடக்கிற பணம் உள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு. நம்மிடம் சும்மா கிடந்தது ஒன்றரை லட்சம். வீட்டுக்காரர் கோவிந்தப்பா கேட்டது பதினான்கு லட்சம். நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அப்பா ஒரு சின்னத் தடங்கலாகத்தான் பார்த்தார். ஒரு தனியார் பைனான்ஸில் பதினெட்டு சதவீத வட்டிக்கு, ஐந்து வருஷத் தவணையில், பத்து லட்சம் வாங்கினார், மீதியை வேறொரு வழியில் சேர்த்தார், அதைப் பிறகு சொல்கிறேன். இதே வீட்டுக்கு மாத வாடகை பதிமூன்றாயிரம் என்று கோவிந்தப்பா முதலில் சொல்லியிருந்தார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், வாங்கிய கடனுக்கெல்லாம் சேர்த்து வட்டி மட்டும் மாதச் சராசரி பதிமூன்றாயிரத்து எண்ணூறு வருகிறது. ஆக, மாதம் எண்ணூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நாம் வாடகை இல்லாத வீட்டில் வாழ்ந்து வருகிறோம். அசலும் சேர்ந்து இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் மாதம் ஐந்தாம் தேதி பிடித்துவிடுகிறார்கள். உன் மரகதம் அத்தை கிருஷ்ணகிரியில் பார்ப்பவர்களிடமெல்லாம், "எந் தம்பி பெங்களூர்ல அஞ்சு பைசா வாடகை குடுக்காம இருக்கான், அதுக்கெல்லாம் மூளை வேணும்" என்று சொல்கிறாராம். அத்தை சொன்னது பொய்யில்லை.

அந்த இருபத்தைந்தாயிரம் போக மீதியில் குடும்பம் நடத்த அப்பா ஒரு முறை கண்டுபிடித்தார். பொம்மசந்திரா கம்பெனியில் அவர் பார்க்கும் தரக் கட்டுப்பாட்டு வேலையை வீட்டுக்கும் கொண்டு வந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பதினோரு மணிக்குச் சிக்கனக் கூட்டம், அஷ்வத் உட்பட எல்லோரும் வர வேண்டும். பட்ஜெட் மீறிய மாதங்களில் குறை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜின் கதவில் ஒட்டுவார். ஆனி மாதத்துக்கான தாளில் "மூலகாரணம்: கொத்தமல்லி" என்று இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம் அஷ்வத்தின் ரப்பர், மூன்று தொலைத்துவிட்டான். பால் ஒன்றரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் ஆனது, நாளிதழ் நின்றது, நான் வாரம் ஒருமுறை வாங்கிய பூவை நானே நிறுத்திக்கொண்டேன், தாளில் என் பெயர் வர வேண்டாம் என்று. பைனான்ஸ் கம்பெனியின் பெயர் மட்டும் ஒரு மாதமும் மூலகாரணமாக வந்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "அது பிக்ஸட் காஸ்ட், அதப் பத்திப் பேசிப் பிரயோஜனமில்ல" என்றார்.

இந்தப் புரட்டாசியோடு மூன்று வருஷம் முடிகிறது. பதினான்கு லட்சம் கைக்கு வந்தால் எல்லாக் கடனையும் அடைத்துவிட்டு ஆறு லட்சத்துக்கு மேல் மிஞ்சும், சின்ன வீடாக வாடகைக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஆனியிலேயே அப்பா போய்க் கேட்டார். கோவிந்தப்பா சிரித்தாராம். "நோடி சார், பாருங்க, துட்டு பாக்கெட்லயா இருக்கு? பில்டிங்ல இருக்கு" என்றாராம். உண்மைதான். நம் பணத்தில் இரண்டாவது மாடி எழும்பியது, இரண்டாவது மாடிக்காரர் பணத்தில் மூன்றாவது மாடி எழும்பியது. இங்கே பணத்தைத் திருப்பித் தருவது என்றால், அடுத்து வருகிறவரிடம் வாங்கி முன்னால் இருந்தவரிடம் கொடுப்பது. அதுவரை நாம் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம், அந்த உட்கார்ந்திருப்பதுதான் நமக்கு இருக்கிற ஒரே உத்தரவாதம். "நீங்களே ஒரு நல்ல பார்ட்டி பாத்துக் குடுங்க, அன்னிக்கே உங்க துட்டு" என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா இணையத்தில் விளம்பரம் போட்டார். "வாடகை இல்லை! கவலை இல்லை!" என்ற வாசகம் அவருடையது.

முதலில் வந்த இரண்டு குடும்பங்களுக்கும் நான் காபி கொடுத்தேன், தண்ணீர் வசதியைப் புகழ்ந்தேன், வேறெதுவும் பேசவில்லை. நான் யோக்கியமானவள் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அடுப்பு மேற்குப் பார்த்து இருக்கிறது என்று அவர்களே போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் லாயிட், டீனா என்று ஒரு இளம் ஜோடி, பிரேசர் டவுன் பக்கத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள், அவளுக்கு ஏழு மாதம். லாயிட்டும் அப்பாவும் மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனபோது அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க, நீங்க மூணு வருஷம் இருந்திருக்கீங்கல்ல, லாபந்தானே?" என்றாள். பணம் எப்படிப் புரட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் அவரோட பி.எஃப்., மிச்சம் லோன்தான்க்கா, வாடகைதான் இல்லியே, அதுல கட்டிரலாம்" என்றாள். அப்பா மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன அதே வாக்கியம். நான் என் கணக்கு நோட்டை எடுத்து அந்த வட்டிக் கணக்குப் பக்கத்தைக் காட்டினேன். அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள், காபியைக் குடிக்கவே இல்லை. மறுநாள் லாயிட் கோவிந்தப்பாவுக்குப் போன் செய்து, "அங்க இருக்கிற மேடமே வேணாம்ங்கிறாங்க சார்" என்று சொல்லிவிட்டான். கோவிந்தப்பா அப்பாவுக்குச் சொன்னார். அப்பா எனக்குக் கடைசியாக நேரடியாகச் சொன்னது இதுதான்: "வந்தவங்களுக்குக் காபி குடுன்னா கணக்குப் பாடம் நடத்தியிருக்க. நீ என்ன ரிசர்வ் பேங்க்கா?" அதற்குப் பிறகுதான் இந்த ஒன்பது நாள். அவர் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஜோடி வந்திருந்தால் நம் கடன் அன்றைக்கே தீர்ந்திருக்கும், அவர்களுடைய கடன் அன்றைக்குத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பார்ட்டி போன வருத்தத்தில் கோவிந்தப்பா அப்பாவுக்கு ஓர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். மூன்றாவது மாடி தயாராக இருக்கிறதாம், இரண்டு படுக்கையறை, பால்கனி, நம்மிடம் இல்லாத காருக்கு நிறுத்த இடம். லீஸ் இருபது லட்சம். ஏற்கெனவே பதினான்கு அவரிடம் இருக்கிறது, அதனால் அவர் ஒன்றும் திருப்பித் தர வேண்டாம், நாம் ஆறு மட்டும் போட்டால் போதும். அப்பாவுக்கு இது பெரிய சலுகையாகத் தெரிகிறது. அந்த ஆறு லட்சத்தை உன்னிடம் கேட்கப் போகிறார். சேமிப்பு இல்லையென்றால் அங்கே ஒரு கடன் எடுத்து அனுப்பச் சொல்வார், அங்கே வட்டி குறைவு என்று யாரோ கம்பெனி பஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். ஆடியில் நல்ல காரியம் பேசக் கூடாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார், ஆவணி முதல் ஞாயிறு கூப்பிடுவார். இதற்கெல்லாம் ஆடி பார்க்கிறவர், பதினெட்டு சதவீதத்துக்கு எந்த மாதமும் பார்க்கவில்லை.

சிந்து, நீ முடியாது என்று சொல்ல வேண்டும். அங்கே போக ஏஜென்சிக்கும் பரீட்சைக்கும் நீ வாங்கிய கடன் நவம்பரில் முடிகிறது, "அதுக்கப்புறம் முதல் தடவையா மாசச் சம்பளம் முழுசும் என் சம்பளம்" என்று நீ போன வாரம் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். உன் அப்பா கெட்டவர் இல்லை, கேட்கும்போது மிகவும் பாசமாகக் கேட்பார், உனக்காகத்தான் பெரிய வீடு, நீ லீவில் வந்தால் உனக்கென்று ஓர் அறை என்பார், அதை அவர் நம்பவும் செய்வார். அங்கேதான் நீ இளகிவிடுவாய். காரணம் எதுவும் சொல்லாதே, ஒரு காரணம் சொன்னால் அதை உடைக்க மூன்று காரணம் வைத்திருப்பார். முடியாதுப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசு.

உன்னைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. நேற்று மாலை லீஸ் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். பைனான்ஸ் கடன் அவர் பெயரில் இருந்ததால் இந்தப் பத்திரத்தை என் பெயரில் போட்டிருக்கிறார்கள், நானே மறந்திருந்தேன். இன்று காலை பள்ளிக்கு வருமுன் கோவிந்தப்பா வீட்டுக்குப் போய், புரட்டாசி முடிவில் பணம் வேண்டும், மூன்றாவது மாடி வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நகலில் அவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். "சார் கிட்ட மாத்தாடி, பேசி முடிச்சிட்டேனே" என்றார். சார் பெயர் இதில் இல்லையே என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, டீச்சர் வேலைக்கு எவ்ளோ குடுக்குறாங்க?" என்று கேட்டார், எதற்கென்று தெரியவில்லை. பிறகு, பில்டிங் மேல் வங்கியில் கடன் கேட்டுப் பார்க்கிறேன் என்று முனகினார். அவரும் கடன்காரர் ஆவதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல முடியவில்லை, ஆனால் அவர் ஏற்கெனவே மூன்று மாடி உயரத்துக்குக் கடன்காரர்தான். அதை இனிமேல் ஒரு வங்கியும் பார்க்கட்டும் என்றிருக்கிறது.

அப்பாவுக்கு இது இன்னும் தெரியாது. கோவிந்தப்பா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும், இன்று அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் அஷ்வத்தை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு உட்கார வைத்துச் சொல்லப் போகிறேன். ஒன்பது நாள் மௌனம் எத்தனை நாளாக நீளும் என்று தெரியவில்லை. ஆவணி ஞாயிறு உன்னைக் கூப்பிடும்போது அவர் இரண்டு காரியம் செய்வார், பணம் கேட்பார், என்னைக் குறை சொல்வார். முதலாவதற்கு முடியாது என்று சொல். இரண்டாவதைக் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள், அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுத ஆரம்பித்ததிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறேன். வேறொரு வழியில் சேர்த்த இரண்டரை லட்சம் உன் அம்மா உனக்கென்று விட்டுப்போன செயினும் நான்கு வளையலும்தான். அவை வங்கியில் பத்திரமாக இருக்கின்றன என்று அப்பா உன்னிடம் சொல்லி வருவது ஒருவகையில் சரி, வங்கியில்தான் இருக்கின்றன, லாக்கரில் இல்லை, அடகுக் கணக்கில். ஒவ்வொரு வருஷமும் வட்டி கட்டி மாற்றி எழுதுகிறோம். அந்த ரசீதின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அது உன்னிடம்தான் இருக்க வேண்டும். கோவிந்தப்பா எவ்வளவு கொடுத்தாலும் முதலில் மீட்கப் போவது அதைத்தான். நவம்பர் தவணையைத் தவற விடாதே, கால் வலிக்கிறது என்றாயே, நல்ல செருப்பாக வாங்கு, அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். நீ எடுத்த வேலையெல்லாம் நன்றாக நடக்க வேண்டும், உன் சம்பாத்தியம் உன் கையில் தங்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். ரசீதைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும், வர வேண்டும். அதை அப்பா மேல் மட்டும் காட்டாதே. நகையை எடை போட்ட அன்று அவர் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

அன்புடன்,
தாரணி சித்தி