விலைச்சீட்டு ஒட்டிய அவரை

ஜூலை 4

அக்காவுக்கு,

ஆமாம், சிரித்தது நான்தான். உன் செடிக் கடையில், எல்லார் முன்னாலும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு மணி பிளாண்ட் கிளை. தண்ணீர் ஊற்றிய ஜாம் பாட்டில். அதற்கு ஒரு நல்ல சட்டையின் விலை. கொத்தமல்லி விதை ஏழெட்டு, தங்க நிறக் கவரில். எவளுடைய சமையலறை டப்பாவில் அது இல்லை? சிரிக்காமல் என்ன செய்ய?

என் ஊதா அவரை விதையைக் கேட்காதே. வருடா வருடம் என் மாடியில் நானே எடுத்து வைக்கிற விதை. கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பது. உன் கவருக்குள் போகாது.

தங்கை


ஜூலை 12

மாடி மகாராணிக்கு,

மண் என்ன விலை தெரியுமா? கடை வாடகை? கரண்ட்? வீட்டுக்காரர் சம்பளத்தில் தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு எல்லாமே சும்மாதான்.

உன் பக்கத்து வீட்டு டீச்சர், நீ கொடுத்த விதையைக் கைப்பையிலேயே போட்டுப் பூஞ்சை பிடிக்க விட்டாள். பிறகு என்னிடம் வந்து நாற்று வாங்கினாள். காசு கொடுத்தாள், அதனால் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள். சும்மா வருவதை யாரும் மதிப்பதில்லை. கொடுக்கிறவளையும்தான்.

அக்கா


ஜூலை 21

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் கடை வாசலில் நின்றேன். பார்த்திருப்பாய். செய்தித்தாள் பொட்டலம், தலைக்கு ஐந்து அவரை விதை. வாங்கியவர்கள் உன் கதவைத் தள்ளாமலே திரும்பிப் போனார்கள். உன் வாட்ச்மேனும் கை நீட்டினார். கடைசியில் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன், உனக்காக.

ஒன்றுகூட மிச்சமில்லை. மாடியில் முளைத்து நிற்பது போதும்.

மதிப்பில்லாதவள்


ஆகஸ்ட் 24

சின்னவளுக்கு,

உன் வீட்டுக்காரர் சொன்னார். நீங்கள் ஊரில் இல்லாதபோது டேங்க் வழிந்து, தொட்டியெல்லாம் முங்கி, அவரை வேரோடு அழுகிவிட்டதாமே. விதை எடுக்கிறவள் எவளாவது டப்பாவை அடியோடு கவிழ்ப்பாளா? என்னை எரிச்சல்படுத்தத்தானே?

வாங்கிப் போனவர்களில் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டாயாம். ஒருத்தர்கூட விதைக்கவில்லையாம். எனக்கு ஆச்சரியமில்லை.

அன்று உன் வரிசையில் என் பில் போடும் பெண்ணும் நின்றாள். நான்தான் அனுப்பினேன். ஐந்தும் முளைத்தன. நான்கு விற்றுவிட்டன. மிச்சம் ஒன்று, குச்சியில் ஏறி நிற்கிறது. விலைச்சீட்டைப் பார்க்காதே, உனக்குக் காசு வேண்டாம். வந்து, "அக்கா, கொடு" என்று ஒரு தடவை கேள். அது போதும்.

அக்கா


செப்டம்பர் 1

அக்காவுக்கு,

முடியவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை.

நீ சாப்பிடப் போகிற நேரம் பார்த்துக் கடைக்கு வந்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்ததும், "உங்க அக்காவைக் கூப்பிடட்டுமா?" என்றாள். "யாரும் வேண்டாம், பில் போடும்மா" என்றேன். தயங்கினாள். "முதலாளியம்மா திட்டுவாங்க." "செடிக்கு விலை ஒட்டியிருக்கு இல்ல? போடு."

நீ சொன்னது சரி என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. விலை அநியாயம்தான். ஆனாலும் கேட்பதைவிட மலிவு.

இனி நீ எழுத வேண்டாம்.

செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பெரிய தொட்டிக்கு மாற்றினேன். தண்ணீர் ஊற்றினேன்.