பல தரமும் பலதரப்பும்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கு ஒன்றும் இல்லை, அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

லிஃப்ட் நின்று இன்றோடு நூற்றுப் பதினேழு நாள். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், தையல்காரம்மாவை உள்ளே வைத்துக்கொண்டு நின்றது. அவளை வெளியே இழுத்துப் போட்டார்கள், லிஃப்ட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். பக்கவாதம் வந்த வலது கைக்கு அப்பா வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாரே, டம்ளரைப் பிடிக்கிற அளவுக்கு விரல் மடங்கி, போன கடிதத்தின் அடியில் கோணல்மாணலாக அப்பா என்று எழுதினாரே, அந்த விரல்கள் இப்போது மறுபடி விறைத்துக்கொண்டு வருகின்றன. நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கப் பார்த்தோம், மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சரிந்து அவர் போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது, அன்றிலிருந்து படி என்றாலே தலையை ஆட்டிவிடுகிறார். பயிற்சி கொடுக்கும் பெண்ணைக் கேட்டால், வீட்டுக்கெல்லாம் வர எங்களுக்கு அனுமதி இல்லம்மா, இன்னும் ரெண்டு மாசம் இப்படியே விட்டா அந்தக் கை திரும்பாது என்கிறாள்.

கீழே அறிவிப்பு ஒட்டினார்கள், பலதரப்பு ஒத்துழைப்புடன் லிஃப்ட் சரிசெய்யப்படும் என்று. நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அது பல தரம் என்று கண்ணில் பட்டது. எதுக்குப் பல தரம், ஒரு தரம் வந்து ஒழுங்கா பண்ணா போதாதா என்று படியிலேயே சத்தம் போட்டேன். இரண்டாம் மாடி வாத்தியார் சிரித்துவிட்டு, அது தரம் இல்லைங்க, தரப்பு, ரெண்டு பக்கம் சேர்ந்தா இருதரப்பு, அதுக்கு மேல போனா பலதரப்பு, நாடுங்க கூடிப் பேசறப்ப சொல்ற வார்த்தை என்றார். அவ்வளவு பெரிய வார்த்தை நம் லிஃப்ட்டுக்கு வந்திருக்கிறதே என்று நானும் நம்பினேன். ஏழு கூட்டம் ஆகிவிட்டது, ஏழுக்கும் போனேன். லிஃப்ட் கம்பெனிக்காரன், எல்லா வீடும் கடையும் கையெழுத்துப் போட்டாத்தான் தொடுவோம் என்கிறான். கட்டடம் கட்டியவன், கம்பெனி எழுதிக் குடுக்கட்டும், நான் ரெடி என்கிறான். கீழே மருந்துக்கடைக்காரன் இருக்கிறானே, அவன் சொல்கிறான், நான் லிஃப்ட்ல ஏறினதே இல்ல, நான் எதுக்குப் போடணும் என்று. பதினொரு வருஷத்துக்கு முன் அவன் மகள் மண்டை உடைந்து கிடந்தபோது அப்பாதான் தூக்கிக்கொண்டு ஓடினார், நீல வரி போட்ட சட்டை, அந்தக் கறை போகவே இல்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டான், கையெழுத்து மட்டும் போடவில்லை. கடைசியில் நான் படித்ததுதான் சரி, பல தரம்தான்.

ஊராரை மட்டும் சொல்லி என்ன? அப்பாவைத் தரைத்தளத்து வீட்டுக்கு மாற்றலாமா என்று அண்ணனைக் கேட்டேன், அக்கா என்ன சொல்றா என்றான். அக்காவைக் கேட்டேன், தம்பி வரட்டும்மா, மூணு பேரும் கலந்து பேசலாம் என்றாள். நீ போன ஞாயிற்றுக்கிழமை போனில், அண்ணன் முடிவு பண்ணா எனக்குச் சம்மதம் என்றாய். மூன்று பேரையும் நான்தான் பெற்றேன், எப்போது மூன்று தரப்பு ஆனீர்கள் என்று தெரியவில்லை. நேற்று அவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாமல் நான் மூச்சு வாங்கி நின்றபோது, குழறிக் குழறி, ப…ல…தரப்பைக் கூப்பிடு என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கண்ணைத் துடைக்க அவர் கை எழும்பவில்லை, நான்தான் துடைத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, முதுகு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள், பிள்ளையை அடிக்காதே. நான் பெற்ற மூன்று பேரும் குறைவில்லாமல் இருங்கள், என் கோபம் ஒருவரையும் தொட வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அண்ணனைக் கேட்காதே, அக்காவைக் கேட்காதே, நீ ஒருதரப்பாகவே புறப்பட்டு வா. இந்தத் தரமும் கையெழுத்துப் போடுவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார், விரலுக்குள் பேனாவைச் சொருகிவிட்டேன். கீழே இருப்பது கிறுக்கல் இல்லை.

இப்படிக்கு,
அம்மா
அ——