குழிந்த கல்

கல்கூர்லி சுரங்க முகாம்

அன்புள்ள அம்மாவுக்கு ஃபெர்கஸ் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? சுரங்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு மழித்துவிடலாம் என்று அவருடைய பழைய சவரக்கத்தியை இங்கே ஒரு சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? தேய்க்கத் தேய்க்க இரு முனையும் கரைந்து நடுப்பகுதி துருத்தியது. அறைத்தோழன் டார்சி சிரித்தான்: "கத்தி மேல தப்பில்லடா, உன் கல்லுதான் நடுவுல குழிஞ்சு கெடக்கு. இனிமே இத வச்சுப் பல்லுதான் குத்தலாம்."

இந்த முறையும் விடுப்பு இல்லை. கம்பளிக் காலுறை அனுப்புங்கள்.

சுரங்கத்துக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. என்னைத் தவிர வேறு யாரையும் அப்பா தன் முகத்தைத் தொட விடுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சலூன்காரரைக் கூப்பிடுங்கள். அப்பா கண் தெரியாதவர்தானே, நான் வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். சலூன்காரரை மட்டும் பேசாமல் மழிக்கச் சொல்லுங்கள்.

ஃபெர்கஸ்