மகுட முத்திரை இல்லாமல் வந்த விண்ணப்பம் குறித்து

மழை தவறாது பெய்க. ஏரி நிறைக, நிறைந்த பின்னும் கரை நிற்க.

செம்பேரி நாட்டை ஆளும் கோச்சாத்தப் பெருமானின் ஓலைநாயகம் இளநாகன் எழுதுவது. கழிமுனை நாட்டின் கோமானும், அலைக்கு அஞ்சாத குடியில் வந்தவரும், இப்போது எம் நகரின் கீழைத் தெருவில் வாடகை வீட்டில் எழுந்தருளியிருப்பவருமான ஆதன் பரிதியார் திருமுன் வணக்கத்துடன் வைப்பது. தங்கள் நாடு வாழ்க என்று எழுதத் தொடங்கி, எழுத்தாணியை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். அந்நாடு சென்ற ஆண்டு கடலுக்குள் போனதை அறிவேன். ஆகவே, அதன் மேல் இன்று நீந்தும் மீன்கள் வாழ்க; கரையேறிய குடிகள் அவற்றினும் நன்றாக வாழ்க.

செம்பேரியின் மதகுக் காவலர் பதவிக்குத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் நேற்று அவையில் படிக்கப்பட்டது. படிக்கப்பட்டது என்பதைவிடப் படிக்கத் தொடங்கப்பட்டது என்பதே சரி.

எம் அவையின் வழக்கத்தைத் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். அரசரின் தந்தையார் ஒருமுறை ஒரு விண்ணப்பதாரரின் முன்னோர் பெருமையைக் கேட்டுக்கொண்டே உறங்கி, அரியணையிலிருந்து உருண்டார். அன்று முதல் இவ்விதி: பதவி வேண்டுவோர் அவைக்கு வரலாகாது, ஓலை மட்டுமே பேச வேண்டும். படிப்பவர் வாய் திறக்கும்போது அரசர் ஒரு வெற்றிலைச் சுருளை வாயிலிடுவார். அவர் காளாஞ்சியில் உமிழ்ந்ததும் ஓலை மூடப்படும்.

தங்கள் ஓலையில் தங்கள் பட்டங்கள் முடியும் முன்பே வெற்றிலை சிவந்துவிட்டது. பாட்டனாரின் பட்டத்து யானை நடந்து வரும்போது பாக்கும் கரைந்துவிட்டது. பின்னர், "இம்மதகுக் காவலை ஏற்றருள நாம் திருவுளம் கொண்டோம்" என்ற வரி வந்தது. கருவூலம் காக்கும் பண்டாரத்தார் எழுந்து, "அப்படியானால் மாதச் சம்பளத்தை நாம் அவருக்குத் தருவதா, அவர் நமக்குத் தருவாரா?" என்று கேட்டார். அவை சிரித்த சிரிப்பில் தூணில் இருந்த புறாக்கள் பறந்தன. அரசரும் சிரித்தார், சிரிப்பதற்காக உமிழ்ந்தார். ஓலை மூடப்பட்டது.

அடுத்து வந்தது தளபதியாரின் மைத்துனர் கொற்றனின் ஓலை. அது முழுவதும் இவ்வளவே: "எனக்கு நீச்சல் தெரியாது. ஏரியைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அரசர்மேல் அன்பு உண்டு." அரசர் மெல்லுவதை நிறுத்தி, "இவன் சொல்வதாவது விளங்குகிறது" என்றார். பதவியை அவருக்கே தர வாயெடுத்த வேளையில் பாக்குத் துண்டொன்று அரசரின் கடைவாய்ப் பல்லில் சிக்கிக்கொண்டது. அவை கலைந்தது. பௌர்ணமியன்று மீண்டும் கூடும். அதுவரை யாரும் புதிய ஓலை தரலாம். ஒரு நாட்டின் ஏரி ஒரு பாக்குத் துண்டால் பிழைத்திருக்கிறது. அதற்கு மேலும் அந்தப் பல்லை நம்பியிருக்க இயலாது.

அவை கலைந்த பின் ஓலைகளை எடுத்து வைக்க நான் மட்டும் இருந்தேன். ஓலை கொணர்ந்த தங்கள் பழைய மெய்க்காவலர் பூதனாரும் வாசலிலேயே நின்றார். வீட்டு நிலை என்ன என்று கேட்டேன்.  அவர், "எங்கள் அரசியார் தாமே நெல் குத்துகிறார், ஐயா. அரசர் பக்கத்தில் நின்று அதற்கு அனுமதி அளிக்கிறார். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அளிக்க அனுமதிதான் இருக்கும், குத்த நெல் இராது" என்றார்.

அதன் பிறகே தங்கள் ஓலையை எடுத்து, யானையையும் பாட்டனாரையும் கடந்து, கடைசி வரி வரை படித்தேன். அங்கே, விடைபெறும் இடத்தில், மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருந்தீர்கள்: கடல் புகுந்த நாளில் மதகின் பலகை சிக்கிக்கொண்டதால் நாமே நீரில் இறங்கித் தோளால் அதை நகர்த்தினோம்; குடிகள் மேட்டுக்கு ஏறி முடிக்கும் வரை வெள்ளத்தை மறுபுறம் வடித்து நின்றோம்; அவ்வேளையில் தலையிலிருந்த மகுடம், அதில் பதித்த முத்திரையோடு, நீரில் போயிற்று; ஆகையால் இவ்வோலை மகுட முத்திரை இன்றி வருகிறது, பொறுத்தருள்க, என்று.

 மதகுக்கு ஆள் தேடும் அவை ஒன்று, மதகைத் தோளில் தாங்கிய ஒருவரைப் பார்த்துச் சிரித்து முடித்திருந்தது. குற்றம் அவையினுடையது மட்டுமன்று. கோமானே, தாங்கள் யானையை முன்னே நிறுத்தி, தோளைப் பின்னே மறைத்தீர்கள்.

காளாஞ்சி ஏந்துபவர் எனக்கு வேண்டியவர். பௌர்ணமியன்று அவர் சற்றுத் தள்ளி நின்றால் அரசர் உமிழத் தாமதமாகும்; அதற்கு என் ஒரு சொல் போதும். அதை நான் சொல்லப் போவதில்லை. தங்களுக்கு அது தேவையும் இல்லை.

ஆகவே அறிவிப்பது. புதிய ஓலை ஒன்று, ஒரே ஏட்டில், பௌர்ணமிக்கு முன் என் கைக்கு வருக. பட்டங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அரசியாருக்கு நெல் புடைக்கும்போது கேட்கத் துணையாகும். பாட்டனாரின் யானையையும் அங்கேயே கட்டுக. இப்பதவியை ஏற்றருள வேண்டாம்; வேண்டும் என்று கேளுங்கள். ஆண்ட நாவுக்கு அச்சொல் கசக்கும் என்பதை அறிவேன். கசந்தாலும் எழுதுக. செம்பேரியின் கரையை வந்து ஒருமுறை பார்த்து, அதில் எங்கே நீர் கசிகிறது என்பதையும் ஒரு வரி சேர்க்க. மைத்துனரால் அதை எழுத முடியாது.

இந்த ஓலை நீண்டுவிட்டது. இது அரசர் முன் படிக்கப்படுவதன்று என்பதால் நீண்டது. தாங்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

புதிய ஓலைக்கும் மகுட முத்திரை தேடி அலைய வேண்டாம். அது ஏன் இல்லை என்பதையே முதல் வரியாக எழுதுக.

இது கோச்சாத்தப் பெருமானின் ஆணைக்கு உட்பட்டு ஓலைநாயகம் இளநாகன் எழுத்து. அரக்கிட்டு, ஏரி முத்திரை வைத்து, பூதனார் கையில் கொடுத்தது. ஏரி நிறைக, கரை நிற்க, அதைக் காக்க நீச்சல் தெரிந்தவர் வருக.