சிவப்புப் பெட்டி என்று நான் சொன்னேன், ராயப்பா

என் பிரியமுள்ள ராயப்பா,

முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. தேவை வரவில்லை. தோட்டத்திலிருந்து மாத்தளைக்கு இறங்கும் போதெல்லாம் நீயே என் வாசலில் வந்து நின்று, "என்னா மாஸ்டர், இன்னைக்கு எத்தன புள்ளைங்க காத முறுக்குனீங்க?" என்று கேட்பாய். இப்போது நீ இறங்கி வர முடியாத இடத்தில் இருக்கிறாய். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடமே தங்கிவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் ஒரு வருட நினைவுப் பூசை. ஏற்பாடெல்லாம் மெர்சி ஒருத்தியாகவே செய்துவிட்டாள். அவளுக்கு இருபத்து மூன்று வயது என்பதை நம்ப முடிகிறதா உனக்கு? கண்டியில் பாட்டுப் பதிவு செய்யும் ஒரு சின்ன இடத்தில் வேலை செய்கிறாள். வாரக் கடைசியில், தோட்டத்தை விட்டு நீ குடிவந்த அலுவிகாரை வீட்டுக்கு வந்து கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைக்கிறாள். நாட்டுச் செய்தியை உனக்கு நான் சொல்லப் போவதில்லை. வடக்கில் சண்டை முற்றிக்கொண்டிருக்கிறது. வானொலியில் செத்தவர்களின் கணக்கைச் சொல்லத் தொடங்கியதும் நான் எழுந்துபோய் அணைத்துவிடுகிறேன். வீதியில் சோதனைச் சாவடிகள் நீ பார்த்ததைவிட அதிகம்.

உன் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் மெர்சிக்கு ஒரு கசெட் கிடைத்தது. சத்தத்தைப் பெருக்கும் அம்ப் எதுவும் இல்லாமல் கிட்டார் வயரை நேரே டேப் ரெக்கோடரில் குத்தி நீ வாசித்தது. தொடக்கத்தில் உன் குரல். "மெர்சிக்குட்டி, அப்பாகிட்ட இப்ப எரும இல்ல. அதனால மொதல்ல அப்பாவே உறுமிக்கிறேன். ம்ம்ம்ம்ம். சரி, போதும், வாசிப்போம்." பிறகு அந்த மெலிந்த, காய்ந்த சத்தம். தகரத்தில் ஊசி விழுவது போல. விரல் உன்னுடையதுதான். குரல் உன் கிட்டாருடையது அல்ல.

பத்திரிகையில் இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காக எருமை யார் என்று சொல்ல வேண்டும். தோட்டத்துத் தொழிற்சாலையில் மின்வேலை பார்த்த ராயப்பன், கழித்துப் போட்ட பழைய வானொலிகளின் கண்ணாடி வால்வுகளைச் சேர்த்துத் தன் கையாலேயே கட்டிய கிட்டார் அம்ப் அது. பலாமரப் பெட்டி. ஸ்பீக்கரின் கடதாசி கிழிந்தபோது ரப்பர் பாலைத் தடவி ஒட்டினான். சுவிட்சைப் போட்டால் வயலில் எருமை மூச்சு விடுவது போல உறுமும். கல்யாண வீடுகளில் அவன் வாசிக்க, நான் பக்கத்தில் பொங்கோஸ் மேளம் தட்டுவேன். கூட இருந்த மற்ற இருவரும் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த எருமை போனபோது மெர்சிக்கு மூன்று வயது. அப்பாவின் உண்மையான சத்தம் அவள் நினைவில் இல்லை. பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சத்தத்தில்தான் உன்னைக் கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு வழியும் கொண்டுவந்தாள். மொடலர் என்று பெயர். பழைய அம்ப்கள் எப்படிப் பேசும் என்பதைக் கணக்காக்கி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். காய்ந்த கிட்டார் சத்தத்தை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் அம்பில் வாசித்தது போல வெளியே வரும். வேலை செய்யும் இடத்திலிருந்து இரண்டு மொடலர்களை இரவல் வாங்கி வந்தாள். ஒன்று சிவப்பு, உள்ளங்கை இரண்டை ஒட்டி வைத்த அளவு. மற்றது காலால் மிதிக்கும் கட்டைகளோடு நீளமான கறுப்பு.

கண்டி வீதிச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "இது என்னாதுன்னு கேட்டாங்க மாமா. கிட்டார் பொட்டின்னேன். அப்ப வாசிச்சுக் காட்டுங்கிறாங்க. கிட்டார் கொண்டு வரலயே, உங்ககிட்ட இருந்தா குடுங்க, இப்பவே வாசிக்கிறேன்னேன். ஒருத்தர் சிரிச்சிட்டாரு. போன்னு விட்டுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயரும் குமிழும் வைத்த பெட்டி ஒன்று, தமிழ்ப் பிள்ளை ஒருத்தியின் பையில்.

"மாஸ்டர் மாமா, எருமச் சத்தம் காதுல இருக்கிற ஒரே ஆளு நீங்கதான்," என்றாள். "எது அப்பாவோடதுன்னு நீங்கதான் சொல்லணும்."

நான் வாத்தியார் அல்லவா? முறையாகச் செய்வோம் என்றேன். என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். கசெட்டின் ஒரே துண்டை ஒரு தடவை ஒரு பெட்டியிலும் அடுத்த தடவை மற்றதிலும் விட்டாள். எது எதென்று சொல்லவில்லை. நான் கொப்பியில் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதிபரைப் போலப் பேசிக் காட்டுவார்கள். ஒருவன் குரலை அச்சாகப் பிடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள், அவ்வளவுதான். இன்னொருவனுக்குக் குரல் அவ்வளவாக வராது. ஆனால் பேசுமுன் அதிபர் தொண்டையைச் செருமுவதையும், கோபம் வந்தால் ஒரு கணம் வாயை மூடிக்கொள்வதையும் பிடித்துவிடுவான். வகுப்பே சட்டென்று அடங்கிவிடும், உண்மையாகவே அதிபர் வந்துவிட்டதைப் போல. பெட்டிகள் இரண்டுக்கும் வித்தியாசம் அதுதான், ராயப்பா.

சிவப்பு அழகாக இருந்தது. உருண்டையாக, தேன் பூசியது போல ஒவ்வொரு சுரமும் விழுந்தது. ஆனால் நீ பலமாகத் தட்டிய இடத்தில் சத்தம் கூடியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கறுப்பு முதலில் கரடுமுரடாகத்தான் கேட்டது. ஆனால் நீ மெதுவாகத் தொட்டால் தெளிந்தது, அழுத்தினால் கரகரத்தது. விரலுக்குப் பதில் சொன்னது. என் கொப்பியில் இரண்டுக்கும் ஏழு ஏழு என்று வந்தது.

அப்போதுதான் மெர்சி அந்த வேலையைச் செய்தாள். கறுப்பில் அம்புக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு வசதி இருக்கிறதாம். "மாமா, தோட்டத்துல கரண்டு எப்பவும் கம்மிதானே? கொறச்சுப் பாப்பமா?"

குறைத்தாள். இருநூற்று முப்பது வோல்ட்டிலிருந்து இருநூறு, நூற்றெண்பது, நூற்றெழுபது.

எருமை எழுந்து நின்றது.

எழுந்த விதம் உனக்குத் தெரியும். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் விளக்குப் போடுகிற அந்தி வேளையில், தோட்டத்து மண்டபத்தில் கரண்டு இறங்கிவிடும். நீ கம்பியை ஓங்கித் தட்டுவாய். சத்தம் உடனே வராது. ஒரு நொடி அமுங்கி, அப்புறம்தான் பொங்கி வரும். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் வராது. நின்று ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் "என்னாங்க" என்பார். அந்த ஒரு மூச்சு. இருபது வருடத்துக்குப் பிறகு அதை ஒரு பெட்டி எனக்குத் திருப்பிக் கொடுத்தது. ரப்பர் பால் ஒட்டின கடதாசியின் அடித்தொண்டைக் கமறல் மட்டும் இல்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது? மற்றபடி நீதான், ராயப்பா. என் முதுகுக்குப் பின்னால் நீ உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாய்.

"மாமா? இதா?"

நான் சுவரையே பார்த்துக்கொண்டு, "இது இல்ல. சிவப்புதான்," என்றேன்.

"நல்லாக் கேட்டுத்தான் சொல்றீங்களா?"

"எத்தன வருசம் பக்கத்துல உக்காந்து கேட்டவன் நான். சிவப்புதான் புள்ள."

என்னை நம்புவதில் அவள் உன் மகள்தான். சிவப்பில் முழுவதையும் பதிந்து, இறுவட்டின் மேல் உன் பெயரை எழுதினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தச் சத்தத்தை உடனே நிறுத்த வேண்டியிருந்தது. அது எழுந்ததும் எனக்குத் தெரிந்தது உன் முகம் அல்ல, என் கையிலிருந்த மண்வெட்டி.

எண்பத்தொன்பது உனக்கு நினைவிருக்கும். மாத்தளையில் வீதியோரம் பார்க்கக்கூடாததை எல்லாம் பார்த்த வருடம். சிங்கள வீடுகளில் கிளர்ச்சிக்காரர் என்று பிள்ளைகளைப் படையினர் தேடி அலைந்தார்கள். நம் வீடுகளில் வடக்கைக் காரணம் சொல்லித் தேடினார்கள். டவுனில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வந்த அன்று திடீரென்று ஊரடங்கு போட்டார்கள். தோட்டத்துக்குக் கடைசி பஸ், அதிலும் நிற்க இடமில்லை. "எரும ரெண்டு நாளு உங்க தொழுவத்துல நிக்கட்டும் மாஸ்டர். வைக்கோல் மட்டும் போட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கிட்டாரை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாய்.

மறுநாள் பக்கத்துத் தெருவில் தேடுதல். வானொலி திருத்துகிற ஓர் இளைஞரை அவருடைய வயர்களோடும் வால்வுகளோடும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். என் அறையில் வால்வும் வயரும் நிறைந்த, கடையில் வாங்காத, ரசீது இல்லாத ஒரு பெட்டி. சுவிட்சைப் போட்டால் உறுமும் பெட்டி. இது கிட்டாருக்கு என்று சொன்னால், கிட்டார் எங்கே என்பார்கள். கிட்டார் உன்னோடு மலைக்குப் போய்விட்டது.

பட்டப்பகலில் பின்தோட்டத்துக்குத் தூக்கிப் போனேன். மண்வெட்டியின் முதுகால் அடித்தேன். வால்வுகள் சின்னச் சின்னச் சத்தத்தோடு உடைந்தன. பலகையை அடுப்பில் வைத்தேன். மிச்சத்தை மிளகுக்கொடிக்குக் கீழே புதைத்தேன். தேட வந்தவர்கள் என் வீட்டுக்கு வரவே இல்லை. எங்கள் தெருவுக்கே வரவில்லை.

ஊரடங்கு தளர்ந்து நீ வந்து நின்றபோது, பயத்தில் உடைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நீ திட்டியிருப்பாய். இரண்டு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். ஆனால் நான், "தேட வந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க ராயப்பா," என்றேன்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ போய்க் கேட்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த நாட்களில் தன் மகனைக் கேட்டுப் போகவே பெற்றவர்கள் பயந்தார்கள். நீ ஒரு அம்பைக் கேட்டு இராணுவ முகாமுக்குப் போனாய். காலையிலிருந்து பின்னேரம் வரை உன்னை வெயிலில் முழங்காலில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்து நீ சொன்னது ஒரு நாளும் என் காதைவிட்டுப் போனதில்லை.

"அப்படி ஒரு பொட்டியே நாங்க எடுக்கலன்னு சாதிக்கிறாங்க மாஸ்டர். எப்படிக் கூசாமப் பொய் சொல்றாங்க பாருங்க."

நான் உனக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். நீ குடித்தாய்.

அதற்குப் பிறகு அந்த மாதிரி வால்வுகள் உனக்குக் கிடைக்கவில்லை. நீயும் அவ்வளவாகத் தேடவில்லை. கல்யாண வீடுகளுக்கு வேறு ஆட்கள் போனார்கள். நீ ரெக்கோடரில் வயரைக் குத்தி, வாயால் உறுமிவிட்டு வாசித்தாய். ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது சொல்லிவிடத்தான் வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், மெர்சியப் பாத்துக்குங்க," என்றாய். அதன் பிறகு எப்படிச் சொல்வேன்? நீ பிடித்தது எருமையை உடைத்த அந்தக் கையைத்தானே.

இன்று வியாழக்கிழமை. காலையில் மிளகுக்கொடிக்குக் கீழே வெட்டிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. துருப்பிடித்த இரும்புக்கட்டி ஒன்று, உன் கையால் கம்பி சுற்றிய டிரான்ஸ்போமர். இரண்டு வயர்கள் இன்னும் அதில் தொங்குகின்றன. கழுவித் துடைத்துத் துணிப்பையில் வைத்திருக்கிறேன். பார்வைக்கு அது குண்டு போலத்தான் இருக்கிறது. நான் அன்று பயந்தது சும்மா இல்லை. ஆனால் அது எனக்குச் சமாதானமாகவும் இல்லை.

மெர்சி சனிக்கிழமை காலை வீட்டில் இருப்பாள். எட்டு மணி பஸ்ஸில் நான் அலுவிகாரைக்குப் போகிறேன். நடுவில் ஒரு சாவடி இருக்கிறது. இறங்கி வரிசையில் நிற்க வேண்டும், பையைத் திறக்க வேண்டும். இது என்ன என்று கேட்பார்கள். எனக்கு இருக்கிற சிங்களத்தில் சொல்வேன்: இது என் கூட்டாளியின் கிட்டார் பெட்டி, நான்தான் உடைத்தேன். முழங்காலில் வைத்தால் இருப்பேன். என்னால் நீ ஒரு முழு நாள் இருந்திருக்கிறாய்.

பிறகு உன் மகளின் மேசையில் அந்த இரும்பை வைத்துவிட்டு, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் கேட்ட பிறகுதான் இது பத்திரிகைக்குப் போகும். அவள் வேண்டாம் என்றால் போகாது. கறுப்பை எடு புள்ள, நூற்றெழுபதில் வை என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் உன் எருமைதான் உறுமும், ராயப்பா. அதைக் கேட்க உள்ளே ஒரு நாற்காலி எனக்கு இருக்குமா, வெளியே வீதியில் நின்று கேட்பேனா என்பது இனி அவள் கையில்.

உன் மாஸ்டர்,
மெர்சி இனியும் அப்படிக் கூப்பிட்டால், அவளுடைய மாமா.